பிளேட்டுக் காலும் கட்டுக் காலும்

ஆயிஷா, நைனா, இந்த வாரப் பத்திரிகை உங்க அம்மா கைக்குப் போவதற்கு முன்னால் நீங்கள் ரெண்டு பேரும் படித்துவிடுங்கள்.

ஐஸ் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைப் போன வாரம் இதே பத்திரிகையில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஆயிஷா கேட்டாள்: "எல்லா வாரமும் நீங்க நல்லவராவே வாரீங்களே அத்தா, அது எப்படி?" கேள்வி நியாயமானது. நான் எட்டாவது வரை படித்தவன். பொய் சொல்லாமல் எழுத அந்தப் படிப்பு போதும். எதையும் விடாமல் எழுதத்தான் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது. இந்த வாரம் முயற்சி செய்கிறேன். விஷயம் என் இடது கால்.

சஹனில் அஞ்சாவது ஆள்

போன வருஷம் புதுமடத்தில் ஒரு கல்யாணம். நம் பக்கத்து வழக்கப்படி தரையில் விரிப்பு விரித்து, ஒவ்வொரு சஹனையும் சுற்றி நாலு நாலு பேராக உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பெரிய தட்டு ஒன்றில்தான் நாலு பேருக்கும் சாப்பாடு. நெய்ச்சோறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நடுவில் கறி.

எங்கள் சஹனில் நான், எனக்கு எதிரே உங்க சேகு மாமா, பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் ரெண்டு பேர். அஞ்சாவது ஆளாக என் இடது கால். மற்ற மூன்று பேரும் சம்மணம் போட்டிருக்க, அது மட்டும் நீட்டிக்கொண்டு அடுத்த சஹனை எட்டிப் பார்த்துக் கிடந்தது.

தால்ச்சா வாளியோடு வந்தவர் அதில் தடுக்கினார். வாளி தப்பித்தது, என் வேட்டி தப்பவில்லை.

"மாப்புளே, அந்த ஆஸ்பத்திரிக் காலைக் கொஞ்சம் மடக்கு. போற வாற ஆளெல்லாம் முட்டுறாக," என்றார் சேகு மாமா.

"மடங்கும் மச்சான். இப்ப அதுக்கு மனசு இல்ல."

"பதினஞ்சு வருசமா அதுக்கு மனசு வரலையே."

பக்கத்தில் இருந்த ரெண்டு பேரும் சிரித்தார்கள். நான் சஹனில் துழாவி, வளைந்த விலா எலும்பு ஒன்றை எடுத்து அவர் பக்கம் வைத்தேன்.

"இந்தாங்க மச்சான். இந்த ஆட்டுக்கும் நாட்டுக் கட்டுத்தான் கட்டியிருக்காக போல. எலும்பு கோணலாச் சேந்திருக்கு."

இந்தச் சண்டை உங்களுக்குப் பழகியதுதான். அது தொடங்கிய இடம் உங்களுக்குத் தெரியாது. ஆயிஷா பிறப்பதற்கு முந்திய கோடை அது.

ஒரு மொபெட், ரெண்டு கால்

சேகு மாமா உங்க அம்மாவுக்கு மூத்தவர், கடலுக்குப் போகிறவர். அவருடைய வள்ளத்துக்கு ஐஸ் கொண்டுபோனோம். மொபெட்டை நான் ஓட்டினேன். பின்னால் அவர் ஐஸ் பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உச்சிப்புளி தாண்டியதும் ரோட்டில் காற்று மணலை வாரிப் போட்டிருந்தது. வண்டி சறுக்கி இடது பக்கம் விழுந்தது. எனக்கு இடது முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு முறிந்தது. அவருக்கு அதே இடது காலில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில். ஐஸ் கட்டி மட்டும் உடையாமல் முழுசாக வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது.

மணலைப் பார்க்காமல் நான் ஓட்டினேன் என்று அவர் சொல்வார். பெட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்தது அவர்தான் என்று நான் சொல்வேன். எழுத இடம் கிடைத்துவிட்டது என்பதற்காக இங்கே நானே தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. ஆகவே சொல்லவில்லை. அவர்தான் சாய்த்தார்.

ராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். ரெண்டு பேருக்கும் ஆபரேஷன் என்றார் டாக்டர். உள்ளே போன தள்ளுவண்டியில் துளை போடுகிற மெஷினைச் சேகு மாமா பார்த்துவிட்டார்.

"மாப்புளே, இது வைத்தியம் இல்ல, ஆசாரி வேலை," என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையிலேயே ஆட்களை வரவழைத்துக் கிளம்பிவிட்டார். முதுகுளத்தூர்ப் பக்கம் எலும்புக் கட்டுப் போடுகிற ஒரு வைத்தியரிடம். முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, மூங்கில் பத்தை, துணி. கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்.

நான் ஆஸ்பத்திரியிலேயே இருந்தேன். ஒரு பிளேட்டு, ஏழு ஸ்க்ரூ.

ரெண்டு பேரும் பிழைத்து எழுந்து நடந்தோம். அதோடு தெருவே ரெண்டு கட்சியாகிவிட்டது. அவர் கால் சற்றுக் குட்டையாகி வெளிப்பக்கம் வளைந்து சேர்ந்திருந்தது. காற்றில் சாய்ந்த பாய் மாதிரி நடப்பார். என் கால் அளவெடுத்த மாதிரி நேராக இருந்தது. ஆனால் நாற்காலியில் உட்காரும் அளவுக்கு மடங்கும், அதற்கு மேல் ஒரு விரல்கடைகூட மடங்காது. "தன்னால முழுசா மடங்கிரும்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்று முதல் மாதம் சொன்னேன். அடுத்த வருஷம், "மடங்குது, வீட்டுல மடக்குறேன்" என்று சொல்ல ஆரம்பித்தேன்.

என் கட்சியின் சின்னம் எக்ஸ்ரே. சூரிய கிரகணத்தன்று தெருவில் பாதிப் பேர் அதை வாங்கித்தான் வானத்தைப் பார்த்தார்கள். என் முழங்கால் வழியாகச் சூரியன் தெரிந்தது. அப்படிப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும் என்று உங்கள் டீச்சர் பிறகு சொன்னார். அது சரி. சேகு மாமா மட்டும் அன்றைக்கே பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கண்ணை நினைத்து அல்ல. என் பிளேட்டைப் பார்த்துவிடக் கூடாது என்று.

தூண்

நம் பள்ளிவாசலில் பின்வரிசையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. முட்டு மடங்காதவர்கள் அதில் உட்கார்ந்து தொழலாம், அதில் ஒரு குறையும் இல்லை என்று தொழவைக்கிற ஹஜ்ரத்தே சொல்லியிருக்கிறார். எங்கள் ரெண்டு பேருக்கு மட்டும் அந்த நாற்காலி வேறு மாதிரி தெரிந்தது. யார் முதலில் அதில் உட்காருகிறாரோ அவர் பார்த்த வைத்தியம் தோற்றது. அப்படி யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் ரெண்டு பேருக்கும் தெரியும்.

தரையில் தொழுதால் எழுந்திருக்கப் பிடிமானம் வேண்டுமே. வலது ஓரத்தில் ஒரு தூண் இருக்கிறது. அதை ஒட்டி ஒரே ஒரு ஆள்தான் நிற்கலாம். அந்த இடம் கிடைத்தவர் தூணைப் பிடித்துக் கௌரவமாக எழுந்துவிடுவார். கிடைக்காதவர் சுவருக்கும் பக்கத்து ஆள் தோளுக்கும் அலைய வேண்டியதுதான்.

அதனால் நான் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதே போனேன். அவர் அதற்கு முன்னாலேயே போய்த் தூணடியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த நாள் நான் இன்னும் முன்னால் போனேன். இப்படியே போய், கடைசியில் பாங்கு சொல்கிற மோதினார் சாவியோடு வரும்போது நாங்கள் ரெண்டு பேரும் படியில் காத்துக்கிடந்தோம். கதவு திறந்ததும் ரெண்டு நொண்டிகளும் நடந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை மோதினார் இளவட்டங்களைக் கூட்டிவைத்துச் சொன்னார்: "இவுகளப் பாத்துக் கத்துக்கங்கப்பா. ஒருத்தருக்கு இரும்புக் காலு, ஒருத்தருக்குக் கோணக் காலு. நான் பாங்கு சொல்லுறதுக்கு முந்தியே வந்து நிக்கிறாக."

நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். அதையும் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

சிக்கல்காரர் பேனா

இப்போது ஆயிஷா கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

ஆபரேஷன் முடிந்ததும், பயிற்சி சொல்லிக்கொடுக்கிற ஒரு தங்கச்சி என்னிடம் ஒரு தாள் கொடுத்தது. மேலே நாலு படம், கீழே அறுபது கட்டம். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்த வேண்டும், குதிகாலைக் கட்டிலில் இழுத்து முழங்காலை மடக்க வேண்டும். தினமும் செய்து ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். "எலும்பைச் சேக்குறதுதான் எங்க வேலை. மடக்குறது உங்க வேலை," என்று அது சொன்னது.

ஒன்பது நாள் செய்தேன். பத்தாவது நாள் வலியில் போர்வையைக் கடித்துக்கொண்டு அழுதேன். உங்க அம்மாவுக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தேன். அதோடு விட்டுவிட்டேன்.

மறுபடி ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்ன நாளில், அதன் வாசல் படியில் உட்கார்ந்து மிச்சம் ஐம்பத்தொரு கட்டத்துக்கும் ஒரே மூச்சில் டிக் போட்டேன். பேனாகூட என்னுடையது இல்லை. முன்பு சேகு மாமா காலி பண்ணிய கட்டிலுக்கு வந்த, சிக்கல் ஊர்ப் பக்கத்து விவசாயி ஒருவரும் அன்றைக்கு வந்திருந்தார். எனக்கு வைத்த அதே பிளேட்டு அவருக்கும். அவருடைய பேனாவை வாங்கித்தான் போட்டேன். அவருடைய தாளில் ஒவ்வொரு டிக்கும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ஒன்று பென்சில், ஒன்று நீல மை, ஒன்றில் குழம்புக் கறை.

சில வருஷம் கழித்து முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். குத்துக்கால் வைத்து உட்கார்ந்து ஆட்டுக்குட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

நைனா, ஒரு வாரக் கையெழுத்துப் பயிற்சியை நீ ஒரே நாளில் எழுதிவைத்தாய் என்று உன்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகாமல் விட்டேன் இல்லையா. அன்றைக்கு உன்னைவிட எனக்குத்தான் அதிகமாக முகம் சுருங்கியிருந்தது.

எழுந்திருக்க முடியாதவர்

திரும்பப் புதுமடத்துக் கல்யாணத்துக்கே வருகிறேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினோம். எல்லோரும் எழுந்தார்கள். விலா எலும்புக்குப் பதில் சொல்லாமல் விட மாட்டாரே என்று நான் சேகு மாமா முகத்தைப் பார்த்தேன். அது வெளுத்திருந்தது. கையை ஊன்றிப் பார்த்தார். மறுபடி ஊன்றினார். கடைசியில் நாலு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள்.

நான் சிரிக்கவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"ஏன் மாப்புளே வாயை மூடிட்ட? ஏதாச்சும் சொல்லு," என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றதும் உண்மையைச் சொன்னார். இடுப்பளவு தண்ணீரில் நின்று வள்ளத்தில் ஏறும்போது முட்டு விட்டுப் போகிறது. அந்த வாரமே ரெண்டு தடவை தண்ணீருக்குள் போய்விட்டார். கூட வருகிறவர்கள் தலைமுடியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள்.

உங்க அம்மா அழுது கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினாள். எலும்பு வளைந்து சேர்ந்ததால் இத்தனை வருஷமும் உடம்புப் பாரம் முட்டின் ஒரு பக்கமே விழுந்து தேய்த்திருக்கிறது என்றார் டாக்டர். எலும்பை வெட்டி நேராக்கிப் பிளேட்டு வைக்கலாம், இப்போதே செய்தால் முழங்காலைக் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் கடலை மறக்க வேண்டியதுதான்.

"ஒருக்கா ஒடஞ்சதை மறுபடி வெட்டுறதுக்கு ஒரு ஆஸ்பத்திரியா?" என்றார் சேகு மாமா. பிறகு என்னைப் பார்த்தார். "நாளைக்கு சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் உன் வீட்டுக்கு வாரேன். தொழுகை இருப்புல குதிகால் மேல உக்காந்து காட்டு. பிளேட்டு வச்ச கால் மடங்குனா நானும் போய்ப் படுக்கிறேன். மடங்கலைன்னா நீயும் என் தங்கச்சி ஜொஹராவும் இந்தப் பேச்சை விட்டுரணும்."

கைலிக்குள் ஒரு தலகாணி

என் கால் மடங்காது. மடங்கவில்லை என்றால் அவர் கடலை விடுவார். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். அகலமான கைலி ஒன்றைக் கட்டிக்கொண்டேன். அவர் வருவதற்கு முன்பே முசல்லா விரிப்பில் மண்டியிட்டு, குதிகாலுக்கும் பின்புறத்துக்கும் நடுவில் ஒரு தலகாணியைச் சொருகி, அதன் மேல் உட்கார்ந்து கைலியைச் சுற்றிலும் இழுத்துவிட்டேன். முன்னால் இருந்து பார்த்தால் அசல் தொழுகை இருப்பு. நீங்கள் ரெண்டு பேரும் டியூஷன் போயிருந்தீர்கள். அந்த வரைக்கும் நல்லது.

சேகு மாமா வந்தார். வாசலிலேயே நின்று பார்த்தார்.

"என்னா மாப்புளே, நேத்துக்கு இன்னிக்கு வளந்துட்ட?"

"முதுகை நிமித்தி உக்காந்திருக்கேன் மச்சான்."

என்னை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து பார்க்க அவர் முட்டு விடவில்லை. அதுதான் என் அதிர்ஷ்டம்.

உள்ளேயிருந்து உங்க அம்மா குரல் வந்தது. "இங்கன ரெண்டு தலகாணி இருந்துச்சே, ஒண்ண எங்க?"

"வெயில்ல போட்டிருக்கேன்," என்றேன்.

"பொழுது சாயப் போகுது, இப்ப என்னா வெயிலு?"

சேகு மாமா அதைக் காதில் வாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "மடங்கத்தான் செய்யுது," என்றார் மெதுவாக. "நீ சொன்னப்பெல்லாம் நான் நம்பல. சரி. நாளைக்கே போய்ப் படுக்கிறேன்."

பதினஞ்சு வருஷச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். காலுக்கடியில் தலகாணி சூடாக இருந்தது.

அப்புறம் அவர் கேட்டார்: "ஆபரேஷன் முடிஞ்சா வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்ல? உனக்குத் தன்னாலதானே மடங்குச்சு?"

தன்னால. அது நான் கொடுத்த வார்த்தை. அவர் சொன்ன சொல் தவற மாட்டார். என் பேச்சை நம்பிக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, தன்னால மடங்கும் என்று காத்துக் கிடப்பார். அந்தக் காலும் என் கால் மாதிரி கட்டையாகிவிடும். பிறகு எந்த வள்ளத்தில் ஏறுவார்?

நான் கையைப் பின்னால் விட்டுத் தலகாணியை உருவி அவர் முன்னால் வைத்தேன். பூப்போட்ட உறை.

வாசல்படிக்கு வந்திருந்த உங்க அம்மா, "வெயில்ல காஞ்ச தலகாணி இதுதானா?" என்றாள்.

சேகு மாமா தலகாணியை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். நான் கட்டில் காலைப் பிடித்து எழுந்து, அலமாரியில் எக்ஸ்ரே உறைக்குள் கிடந்த தாளை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். ஒன்பது நாள் கதையையும் சிக்கல்காரர் கதையையும் சொன்னேன். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒம்பதுக்கு அப்புறம் எல்லாம் ஒரே மையி."

"ஆமா மச்சான்."

"பதினஞ்சு வருசமா ஒரு தலகாணிகிட்டயா நான் தோத்துக்கிட்டு இருந்தேன்?"

"இல்ல மச்சான். தலகாணி இன்னிக்குத்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்க அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்: "வைத்தியரு கட்டை நாப்பத்தஞ்சு நாள் வைக்கச் சொன்னாரு. நான் முப்பதுல அவுத்துட்டேன். அந்த வருசம் கடல் கணவாய் மீனை அள்ளிக் குடுத்துச்சு."

"அடப் பாவிகளா," என்றாள் உங்க அம்மா, ரெண்டு பேருக்கும் பொதுவாக.

"அப்ப பிளேட்டு மேல தப்பில்ல," என்றார் சேகு மாமா.

"இல்ல."

"உன் மேலதான்."

"ஆமா."

"அது உன் கல்யாணத்தன்னிக்கே எனக்குத் தெரியும். சரி, நாளைக்குப் போறேன். எனக்கும் இந்த மாதிரி ஒரு தாளு குடுப்பாகள்ல, அதுல டிக்கு நீதான் போடணும். கண்ணால பாத்துப் போடணும்."

போட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் போய் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். குதிகாலை இழுக்கும்போதெல்லாம் அவர் என் வம்சத்தையே திட்டினார். பத்தாவது நாள் அவரும் அழுதார். "ரேடியோவப் போடவா மச்சான்?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதைப் பத்திரிகையில் எழுத முடியாது. பதினோராவது நாளும் செய்தார்.

நாற்காலி

ஒரு வருஷம் ஆகப் போகிறது. அவர் கால் நேராக இருக்கிறது. ரொம்ப நேரம் நின்றால் வீங்குகிறது, மழைக்காலத்தில் கடுக்கிறது என்கிறார். முழுசாகவும் மடங்கவில்லை. ஆனால் சஹனில் உட்காருகிறார், எழுந்திருக்கிறார், வள்ளத்தில் தானே ஏறுகிறார். என் காலையும் டாக்டரிடம் காட்டினோம். இத்தனை வருஷம் கழித்துப் புதிதாக மடங்குவது கஷ்டம், பயிற்சி செய்தால் இருக்கிறது குறையாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

சேகு மாமா இப்போது தொழுகையில் முன்வரிசை. தூண் முழுக்க எனக்கு. போட்டிக்கு ஆள் இல்லாததால் நான் எல்லோரையும் போல நேரத்துக்குத்தான் போகிறேன். "என்ன பாய், முன்ன மாதிரி இல்லையே, ஈமான் கொறஞ்சு போச்சா?" என்று மோதினார் கவலையோடு கேட்டார்.

போன வெள்ளிக்கிழமை நானே போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தொழுதேன். ஒன்றும் இடிந்து விழவில்லை. தொழுகை முடிவில் சலாம் கொடுத்து எல்லோரும் தலையைத் திருப்பும்போது முன்வரிசையில் ஒரு தலை மட்டும் கூடுதலாகத் திரும்பிப் பார்த்தது. வெளியே செருப்புப் போடுகிற இடத்தில் வந்து நின்றார்.

"நாற்காலி சௌகரியமா மாப்புளே?"

"உக்காந்து பாருங்க மச்சான்."

"எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, என் செருப்பைக் குனிந்து எடுத்து என் காலடியில் போட்டார். குனிய முடிகிறது என்று காட்டுவதற்குத்தான்.

மறுநாள் உங்க அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். நீங்கள் ரெண்டு பேரும் ஸ்பெஷல் கிளாஸ் போயிருந்தீர்கள். எக்ஸ்ரே உறையில் இருந்து அந்தத் தாளை எடுத்தேன். அறுபது கட்டமும் நிரம்பியிருந்தது. நைனாவின் ஸ்கேலை எடுத்து அடியில் ஒரு கட்டம் வரைந்தேன். கட்டிலில் படுத்து, துண்டைச் சுருட்டி முட்டுக்கு அடியில் வைத்து அழுத்தினேன். பத்து வரை எண்ண வேண்டும். ஏழு வந்ததும் போதும் என்று தோன்றியது. எட்டு, ஒன்பது, பத்து. எழுந்து உட்கார்ந்து, அந்த ஒரு கட்டத்தில் டிக் போட்டேன்.